நச்சுப் புகைக்கு நட்ட ஈடு

இரசாயனக் கிடங்கு ஒன்று தீப்பிடிக்கிறது. தீயணைப்புப் படையினர் சில மணி நேரத்தில் நெருப்பை அணைத்துவிடுகின்றனர். ஆனால், புகையைச் சுவாசித்தவரின் நுரையீரலுக்கும் பாழான கிணற்றுக்கும் யார் பொறுப்பு? நிலக்கரியும் உரமும் இறங்கும் துறைமுகத்தைக் கொண்ட காரைக்கால் போன்ற கடலோரப் பகுதியில் வாழ்வோர் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. இதற்கான விடையில் ஒரு பாதி சட்டத்திலும் மறுபாதி விஞ்ஞானத்திலும் இருக்கிறது.

புகையும் நீரும்

எரியும் பொருளைப் பொறுத்தே புகையின் நச்சுத்தன்மை அமையும். கந்தகம் எரிந்தால் கந்தக டை ஆக்சைடும், பி.வி.சி. பிளாஸ்டிக் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடும் உண்டாகின்றன. காற்று போதாமல் எரியும் பொருள்களிலிருந்து கார்பன் மோனாக்சைடு கிளம்பும்.

அணைக்க ஊற்றும் நீரும் ஆபத்தானதே. 1986 நவம்பர் 1-ஆம் நாள் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகருக்கு அருகே சாண்டோஸ் நிறுவனத்தின் கிடங்கு எரிந்தது. அணைத்த நீருடன் டன் கணக்கில் பூச்சிகொல்லிகள் ரைன் நதியில் கலந்தன. விலாங்கு மீன்கள் பெருமளவில் மடிந்தன. அரசலாறும் வாய்க்கால்களும் பின்னிக் கிடக்கும் காரைக்காலில் இத்தகைய நீர் வயலையும் மீன்பிடித் தொழிலையும் எளிதில் எட்டிவிடும்.

சட்டம் வளர்ந்த விதம்

1984 டிசம்பர் 2-3 இரவு போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மீதைல் ஐசோசயனேட் கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 330 கோடி டாலர் கேட்ட வழக்கு, 1989-இல் 47 கோடி டாலரில் சமரசமாக முடிந்தது. கூடுதல் தொகை கேட்ட மைய அரசின் மனுவை 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

1985 டிசம்பரில் டெல்லியில் ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. அவ்வழக்கில் 1986 டிசம்பரில் தலைமை நீதிபதி பகவதி தலைமையிலான அமர்வு ஒரு புதிய கொள்கையை வகுத்தது. அதுவரை பின்பற்றப்பட்ட 1868-ஆம் ஆண்டின் ஆங்கிலத் தீர்ப்பின்படி, "இது தெய்வச் செயல்", "இது வேறொருவர் செய்த வேலை" என்று கூறி நிறுவனம் தப்பிக்க இடமிருந்தது. புதிய கொள்கை அவ்வழியை அடைத்தது. ஆபத்தான தொழிலை நடத்துபவர் அதனால் விளையும் தீங்குக்கு முழுப் பொறுப்பாளி ஆவார். நிறுவனம் பெரிதானால் நட்ட ஈடும் பெரிதாக வேண்டும்.

1991-ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம், மாவட்ட ஆட்சியரிடமே உடனடி நிவாரணம் கோர வழி செய்தது. சட்டம் இயற்றப்பட்டபோது உயிரிழப்புக்கான தொகை 25,000 ரூபாய். இது முதலுதவி போன்றது. மேற்கொண்டு இழப்பீடு கோரத் தடையில்லை. அதற்கென 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அமைந்தது. காரைக்கால், சென்னையிலுள்ள தென்மண்டல அமர்வின் எல்லைக்குள் வருகிறது. இரு வழிகளுக்கும் காலக்கெடு ஐந்து ஆண்டுகள். 2020 மே 7-ஆம் நாள் விசாகப்பட்டினத்தில் சேமிப்புத் தொட்டியிலிருந்து ஸ்டைரீன் ஆவி கசிந்தபோது, மறுநாளே 50 கோடி ரூபாயை முன்பணமாகக் கட்டும்படி இத்தீர்ப்பாயம் ஆணையிட்டது.

மறையும் சான்றுகள்

நிறுவனத்தின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியதில்லை. எனினும், நமக்கு நேர்ந்த கேடு அந்தப் புகையால்தான் வந்தது என்பதைக் காட்டியாக வேண்டும். இங்கேதான் பலர் தோற்றுப்போகின்றனர். ஏனெனில் உடலே சான்றை அழித்துவிடுகிறது. இரத்தத்தில் கலந்த கார்பன் மோனாக்சைடு, தூய காற்றில் நான்கைந்து மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். ஸ்டைரீனின் சுவடு சிறுநீரில் சில நாட்களே தங்கும். ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிகொல்லிகளால் குறைந்துபோன கோலினெஸ்டிரேஸ் என்னும் நொதி, சில வாரங்களிலோ மாதங்களிலோ பழைய அளவை எட்டிவிடும்.

ஆகவே, பாதிக்கப்பட்டவர் அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று, புகையைச் சுவாசித்த இடத்தையும் நேரத்தையும் சொல்லிச் சீட்டில் பதியச் செய்ய வேண்டும். சீட்டுகளையும் மருந்து இரசீதுகளையும் பத்திரப்படுத்த வேண்டும். காற்று வீசிய திசை, செத்த மீன்கள், கால்நடைகள், கருகிய பயிர், இழந்த கூலி ஆகியவற்றைத் தேதியுடன் குறித்துப் படமெடுத்து வைக்க வேண்டும். கிணற்று நீரை அதிகாரிகள் முன்னிலையில் மாதிரி எடுக்கச் செய்வது நல்லது.

வழக்குச் செலவை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், தொழிற்சாலைப் பேரிடரில் சிக்கியவருக்கு இலவச சட்ட உதவியை உரிமையாக்கியுள்ளது.

எல்லாவற்றிலும் சிறந்தது முன்னறிவு. குறிப்பிட்ட அளவுக்கு மேல் அபாயகரமான பொருள்களைச் சேமிப்போர், விபத்து நேர்ந்தால் ஏற்படக்கூடிய ஆபத்தையும் செய்ய வேண்டியதையும் அக்கம்பக்கத்தாருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. நம் ஊர்க் கிடங்கில் என்ன இருக்கிறது என்று இன்றே கேட்டறிவது, தீப்பிடித்த பிறகு மருத்துவரும் நீதிபதியும் விடை தேடும் வேலையைப் பாதியாகக் குறைக்கும்.