ஏட்டில் நிற்கும் வரிகள்

அமெரிக்காவில் திருமணச் சட்டம் இயற்றுவது அந்தந்த மாநிலமே. 2003 நவம்பரில் மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றம், ஒரே பாலினத்தவர் திருமணத்தைத் தடுப்பது மாநில அரசமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. நீதிபதிகளில் நால்வர் ஆதரவு, மூவர் எதிர்ப்பு. எதிர்ப்பாளர்கள் யோசித்தார்கள்: சாதாரணச் சட்டத்தை மாநில நீதிமன்றம் தள்ளிவிடும், தடையை அரசமைப்பிலேயே எழுதிவிட்டால்? 2004 நவம்பரில் 11 மாநிலங்களில் வாக்கெடுப்பு நடந்தது. பதினொன்றிலும் தடை வென்றது.

2012இல் மின்னசோட்டாவில் நிலைமை வேறு. ஆயர்கள் தடையை ஆதரித்தார்கள். கத்தோலிக்கர் சிலரே அதற்கு எதிராகப் பரப்புரை செய்தார்கள். ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கியவர்கள் இரண்டு பக்கம் நின்றார்கள். திருமணம் ஆணும் பெண்ணும் இணைவது என்று போதிக்கும் மறைக்கல்வி ஏடுதான், ஒரே பாலின ஈர்ப்புள்ளோரை மரியாதையோடும் பரிவோடும் ஏற்கச் சொல்கிறது (எண் 2358). வாக்குச் சண்டையில் இந்த இரண்டாவது பாதி யாருக்கு நினைவிருந்தது? தடை அங்கே தோற்றது.

2015 ஜூன் 26 அன்று நாட்டின் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் நாடெங்கும் அத்திருமணத்தை அனுமதித்தது. மாநில அரசமைப்புக்கும் மேலானது நாட்டின் அரசமைப்பு. எனவே தடைகள் செயலிழந்தன. ஆனால் எழுத்து தானாக அழியவில்லை. நெவாடா மக்கள் 2020இலும், கலிபோர்னியா, கொலராடோ மக்கள் 2024இலும் வாக்களித்து நீக்கினார்கள். வேறு பல மாநிலங்களில் அந்த வரிகள் இன்றும் ஏட்டில் இருக்கின்றன.