விந்தணுவை உள்ளே செலுத்தியும் கருமுட்டை விழிக்காதது ஏன்?

தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1990-இல் சென்னையில் பிறந்த இரண்டே ஆண்டுகளில், ஒற்றை விந்தணுவை நுண்ணூசியால் முட்டைக்குள்ளேயே செலுத்தும் ‘இக்சி’ முறையின் வெற்றியைப் பெல்ஜிய மருத்துவர்கள் அறிவித்தனர். அரிதாக, அதன் பின்னும் கரு உருவாவதில்லை.

எப்படி? காரைக்குடியின் நெடிய செட்டிநாட்டு வீடொன்றை எண்ணிப் பாருங்கள்: விருந்தினரை முகப்பு கடந்து வளவுவரை கொண்டுவந்து விட்டாலும், அவர் குரல் கொடுக்காவிட்டால் இரண்டாங்கட்டில் இருப்போர் எழுந்து வருவதில்லை.

விந்தணுவின் குரல், 2002-இல் கண்டறியப்பட்ட ‘பி.எல்.சி. ஸீட்டா’ என்னும் புரதம். அது முட்டைக்குள் சேமிப்பில் இருக்கும் கால்சியத்தை அலையலையாகப் பல மணி நேரம் வெளிவரச் செய்வதால்தான், முட்டை பாதியில் நிறுத்தியிருந்த பிரிதலை முடித்துக் கருவாகத் தொடங்குகிறது. தலை உருண்டையாக அமைந்த விந்தணுக்களில் இப்புரதம் பெரும்பாலும் இருப்பதில்லை.

அந்நிலையில், கால்சியத்தைச் செல்சவ்வு வழியே கடத்தும் ‘அயனோஃபோர்’ என்னும் பொருள் கலந்த கரைசலில் முட்டையைச் சில நிமிடங்கள் வைத்து, அந்த அழைப்பை ஆய்வகத்தார் செயற்கையாகக் கொடுக்கின்றனர். ஆனால் அது எழுப்புவது பெரும்பாலும் ஒரே அலை. இயற்கையின் தாளம் அதில் இல்லை.

எனவேதான் இதை எல்லோருக்கும் வழக்கமாகச் செய்யலாகாது என்றும், கருவுறுதல் முற்றிலும் தவறியவர்கள் போன்ற சிலருக்கே பொருந்தும் என்றும் ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கம் 2023-இல் பரிந்துரைத்தது. ‘இக்சி’ தவறியதும் பெண்ணையே குறைகூறும் உறவினர்கள், குறை விந்தணுவின் புரதத்திலும் இருக்கக்கூடும் என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.