இன்கிரிமென்ட் கட் முதல் டிஸ்மிஸ் வரை: எஸ்.பி. உத்தரவுக்கு எதிராக ஒரு காவலர் எங்கே முறையிடலாம்?

அறந்தாங்கியில் பந்தோபஸ்து டியூட்டிக்கு ஒரு காவலர் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். மெமோ வந்ததும் ஸ்டேஷனில் எழும் முதல் கேள்வி, “3(ஏ)வா, 3(பி)யா?” என்பதுதான். மற்ற அரசு ஊழியர்களுக்கு 17(ஏ), 17(பி) எப்படியோ, போலீஸாருக்கு இந்த இரண்டும் அப்படி.

1955-ம் ஆண்டின் தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகளில் இவை வருகின்றன. 3(ஏ) சிறு தண்டனைக்கானது. விளக்கம் கேட்டு, அதைப் பரிசீலித்து முடித்துவிடலாம். பதவி இறக்கம், கட்டாய ஓய்வு, டிஸ்மிஸ் போன்றவைக்கு 3(பி). இதில் முறையான விசாரணை நடக்கும். சாட்சிகளை காவலர் குறுக்கு விசாரணை செய்யலாம்.

இன்கிரிமென்ட் நிறுத்தம் கேட்பதற்கு சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் உத்தரவில் ‘கியூமுலேட்டிவ்’ என்ற ஒரு வார்த்தை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், அந்தத் தொகை திரும்ப வராது. இழப்பு பென்ஷன் வரை தொடரும். முழு விசாரணை இல்லாமல் இதைத் தர முடியாது என்று 1990-லேயே குல்வந்த் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சரி, அப்பீல் யாரிடம்? புதுக்கோட்டை எஸ்.பி. போட்ட உத்தரவு என்றால் திருச்சி சரக டி.ஐ.ஜி.யிடம். அவர் பார்க்க வேண்டியவை மூன்று. குற்றச்சாட்டு நிரூபணமானதா, அது தண்டிக்கப் போதுமான காரணமா, தண்டனை அதிகமா, சரியா, குறைவா. ‘குறைவா’ என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அப்பீல் போனதால் தண்டனை கூடவும் வாய்ப்புண்டு. ஆனால் அதற்கு முன் காவலரிடம் விளக்கம் கேட்க வேண்டும்.

“குடும்ப சூழ்நிலை கருதி மன்னிக்கவும்” என்று மட்டும் எழுதினால், முதல் இரண்டு கேள்விகளையும் நாமே விட்டுக்கொடுத்த மாதிரி. எந்த சாட்சி என்ன சொன்னார், விசாரணை அறிக்கை எங்கே தவறுகிறது என்று எழுதுவதுதான் பலன் தரும். அந்த அறிக்கையின் நகலைத் தண்டனைக்கு முன்பே காவலருக்குத் தர வேண்டும் என்பது கருணாகர் வழக்கில் 1993-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு.

டிஸ்மிஸ் விஷயத்தில் இன்னொரு பாதுகாப்பு அரசியலமைப்பின் 311-வது பிரிவு. நியமித்த அதிகாரிக்குக் கீழே உள்ளவர் வேலையைப் பறிக்க முடியாது. இன்ஸ்பெக்டர் கோபத்தில் “உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவேன்” என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

மற்ற துறைகளில் சங்கம் வந்து பேசும். போலீஸாருக்கு அந்த வழி சுலபமில்லை. அனுமதி இல்லாமல் தொழிற்சங்கத்தில் சேர 1966-ம் ஆண்டு சட்டம் தடை போடுகிறது. அதனால் அந்த அப்பீல் மனுதான் அவருக்காகப் பேச வேண்டும்.

டி.ஐ.ஜி.யும் தள்ளுபடி செய்தால், விதி 15-ஏ-யின் கீழ் சென்னையில் மறுஆய்வு கேட்கலாம். அதன்பிறகு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. ஆனால் அங்கே சாட்சியங்களை மறுபடி எடைபோட மாட்டார்கள். விசாரணை முறையாக நடந்ததா, தண்டனை மனசாட்சியை உலுக்கும் அளவுக்கு மிகையா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். பி.சி.சதுர்வேதி வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம் போட்ட கோடு அது. அன்று டியூட்டிக்கு வராததற்குக் காய்ச்சல்தான் காரணம் என்றால், மருத்துவச் சான்றை விசாரணை அதிகாரி முன்பே வைத்திருக்க வேண்டும். மதுரையில் போய் முதல்முறையாக நீட்டினால் ரொம்ப லேட்.