புலிக்கு உடல் கொடுத்த மலை

காத்மாண்டுவில் அரை நாள் சும்மா கிடைத்தால் விடுதிக்காரர்கள் நாகர்கோட்டுக்குத்தான் வண்டி பேசித் தருவார்கள். சூரிய உதயம், பனிமலை, ஒரு கோப்பைத் தேநீர், மதியத்துக்குள் திரும்பிவிடலாம். மேகம் மூடிக்கொண்டால் தேநீர் மட்டும்தான். அந்த அரை நாளை நமோபுத்தாவுக்குக் கொடுங்கள் என்பது என் கட்சி. அங்கேயும் மேகம் மூடும். ஆனால் மலை தெரியாவிட்டாலும் அங்கே ஒரு கதை இருக்கிறது. அது லேசில் விடாது.

காத்மாண்டுவுக்குத் தென்கிழக்கே, காவ்ரே மாவட்டத்தில், சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது இந்தக் குன்று. உயரம் ஏறக்குறைய 1,750 மீட்டர். நம் ஊட்டியைவிட 500 மீட்டர் தாழ்வு என்பதால் மூச்சு வாங்குமோ என்ற பயம் வேண்டாம். சுயம்புநாத், பௌத்தநாத், நமோபுத்தா மூன்றையும் நேபாள பௌத்தர்கள் ஒரே வரிசையில் வைத்துக் கும்பிடுகிறார்கள். முதல் இரண்டும் நகரத்துக்குள் இருப்பதால் கூட்டம் அங்கேயே நின்றுவிடுகிறது.

போகிற வழி அர்னிகோ நெடுஞ்சாலை. 1960களில் சீன உதவியோடு திபெத் எல்லை வரை போட்ட சாலை இது. 13ஆம் நூற்றாண்டில் குப்ளாய் கானின் அவைக்குப் போய், இன்றைய பெய்ஜிங்கில் வெள்ளைத் தூபியைக் கட்டிய நேபாளக் கலைஞனின் பெயரைச் சாலைக்கு வைத்திருக்கிறார்கள். பெயர் அழகு, பயணம் அப்படியல்ல. பக்தபூரைத் தாண்டினால் புழுதிதான். சாங்கா கணவாயில் 143 அடி உயரச் சிலையாக நிற்கிறார் கைலாசநாதர். காத்மாண்டுப் பள்ளத்தாக்கு அத்தோடு முடிகிறது. பிறகு பனேபா, துலிகேல். அக்டோபர், நவம்பரில் போனால் துலிகேலிலிருந்து லாங்டாங் தொடங்கி கௌரிசங்கர் வரை பனிச் சிகரங்கள் வரிசையாகத் தெரியும். மார்ச், ஏப்ரலில் காட்டுத் தீயின் புகை எல்லாவற்றையும் மறைத்துவிடும். மழைக்காலத்தில் போகவே வேண்டாம். 2024 செப்டம்பர் கடைசியில் பெய்த பேய்மழையில் இதே காவ்ரே மாவட்டத்தின் ரோஷி ஆற்றங்கரை பட்ட பாட்டை அந்தப் பக்கத்தார் இன்னும் மறக்கவில்லை.

துலிகேலில் இறங்கி நடக்கிறவர்களும் உண்டு. காளி கோயில் படிகளில் ஏறி, தமாங் மக்களின் ஊர்கள் வழியே போனால் மூன்று நான்கு மணி நேரத்தில் நமோபுத்தா. அரை நாள்தான் கையில் இருக்கிறது என்றால் வண்டியிலேயே மேலே போய்விட்டு, இறங்கும்போது நடப்பது புத்திசாலித்தனம்.

இனி அந்தக் கதை. சுவர்ணபிரபாச சூத்திரம் என்ற பௌத்த நூல் சொல்வது இது. மகாரதன் என்ற அரசனுக்கு மூன்று பிள்ளைகள். கடைக்குட்டி மகாசத்துவன். காட்டுக்குப் போன இடத்தில் மூவரும் ஒரு புலியைப் பார்க்கிறார்கள். குட்டி ஈன்று ஏழு நாள்தான் ஆகிறது. குட்டிகள் ஐந்து என்பது ஒரு பாடம், ஏழு என்பது இன்னொன்று. பசியில் தாய்ப்புலிக்கு எழுந்து நிற்கவும் தெம்பில்லை. இன்னும் கொஞ்ச நேரம் போனால் பெற்ற குட்டிகளையே தின்றுவிடும். அண்ணன்மார் இருவரும் ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு நகர்கிறார்கள். தம்பி ஏதோ சாக்குச் சொல்லித் திரும்பி வந்து, புலியின் முன்னால் படுத்துக்கொள்கிறான். புலி அசையவில்லை. கடிக்கக்கூட அதற்கு வலுவில்லை என்று அவனுக்குப் புரிகிறது. மூங்கில் சிம்பு ஒன்றால் தன்னைக் காயப்படுத்திக்கொண்டு அதன் அருகில் விழுகிறான். வழிந்த ரத்தத்தை நக்கி உயிர் வந்த பிறகுதான் புலி அவனைத் தின்கிறது. எலும்பு மட்டும் மிஞ்சுகிறது.

கதை சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் கையெடுத்துக் கும்பிட்டு முடித்துவிடுகிறார்கள். சூத்திரம் முடிக்கவில்லை. அதே நேரத்தில் அரண்மனையில் தூங்கிக்கொண்டிருக்கிற அரசிக்குக் கெட்ட கனவு வருகிறது. மார்பு அறுபடுகிறது, பல் விழுகிறது, மூன்று புறாக்களில் ஒன்றைப் பருந்து தூக்கிக்கொண்டு போகிறது. பிறகு அவள் காட்டுக்கு ஓடி வருவதும், கிடக்கிற எலும்புகளைக் கண்டு மூர்ச்சையாவதும், புலம்புவதும் நீண்டுகொண்டே போகின்றன. ஒரு தாயின் பசி தீர இன்னொரு தாய் பிள்ளையைப் பறிகொடுத்திருக்கிறாள். தியாகத்தைப் பாட வந்தவர்கள் இந்தக் கணக்கையும் ஒளிக்காமல் எழுதி வைத்தார்களே, அதற்காகத்தான் எனக்கு இந்தக் கதையின் மேல் மரியாதை.

அந்த எலும்புகளின் மேல் தூபி எழுப்பினார்கள். பல பிறவிகள் கழித்துப் புத்தர் தம் சீடர்களோடு அங்கே வருகிறார். பூமிக்குள்ளிருந்து தூபி மேலெழுகிறது, திறக்கிறது. உள்ளே இருக்கும் எலும்புகளை அவர் வணங்குகிறார். மகாசத்துவனே அவருடைய முற்பிறவி என்பதால், தம்முடைய எலும்பைத்தான் தாமே வணங்குகிறார். வேறு எந்தச் சமயக் கதையிலும் இப்படி ஒரு காட்சியை நான் படித்ததில்லை.

இது நடந்தது இந்தக் குன்றில்தானா? வம்பான கேள்விதான். 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியா வந்த சீனத் துறவி பாஹியான், புலிக்கு உடல் கொடுத்த இடத்தைத் தட்சசீலத்தின் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறார். ராவல்பிண்டிக்கு அருகே இருக்கும் மாணிக்யாலா தூபியையும் இந்தக் கதையோடு சேர்த்துப் பேசுகிறார்கள். அதே பயணத்தில், புறாவுக்காகச் சதையை அறுத்துக் கொடுத்த இடத்தையும் பாஹியான் பார்த்தார். சோழர்கள் தங்கள் முன்னோன் என்று உரிமை கொண்டாடிய சிபியின் கதைதான் அது. செம்பியன் என்ற சோழர் பெயரை அறிந்த நமக்கு இந்தப் புலிக்கதை அவ்வளவு தூரத்துச் சொந்தமில்லை. இன்னொன்று, புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் பாலி மொழியின் 547 ஜாதகக் கதைகளில் இது கிடையாது. ஆரியசூரரின் ஜாதகமாலையிலோ இதுவே முதல் கதை. அங்கிருந்து வடக்கே போய், சீனத்தில் துன்ஹுவாங் குகைச் சுவரிலும், ஜப்பானில் ஹோர்யூஜியின் தமாமுஷி பேழையிலும் ஏறிக்கொண்டது. நமோபுத்தாக்காரர்களுக்கு இந்த ஆராய்ச்சி ஒன்றும் பொருட்டல்ல. குன்றின் கீழே இருக்கும் பனௌதிதான் அந்த அரசனின் ஊர் என்பார்கள்.

தூபி சின்னது. பௌத்தநாத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். வெள்ளையடித்த அரைக்கோளம், அதன் மேல் நாற்புறமும் வரைந்த கண்கள், சுற்றிலும் டீக்கடைகள். கடை வைத்திருக்கும் அம்மாளைத் ‘தீதி’ என்று கூப்பிட வேண்டும், அக்கா என்று அர்த்தம். சியா என்கிற டீயும் செல் ரொட்டியும் கிடைக்கும். செல் ரொட்டி அரிசி மாவில் வளையமாகச் சுட்ட இனிப்புப் பண்டம். சூடாக இருக்கும்போதே தின்றுவிட வேண்டும், ஆறினால் ரப்பர்.

மேலே ஏறும் பாதை முழுக்க ஐந்து நிறக் கொடிகள். புதிய கொடிகள் சடசடக்கின்றன. பழையவை வெயிலிலும் மழையிலும் சாயம் போய், நூல் நூலாகப் பிரிந்து கிளைகளில் தொங்குகின்றன. உச்சிக்கு அருகே ஒரு பலகைக்கல். இளவரசனையும் புலியையும் குட்டிகளையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். தொட்டுத் தொட்டு விளிம்பெல்லாம் வழுவழுத்துக் கிடக்கிறது. செதுக்கலின் பள்ளங்களில் குங்குமமும் அரிசியும் அப்பியிருக்கின்றன. குங்குமம் வைப்பவர்கள் இந்துக்கள், வெண்ணெய் விளக்கு ஏற்றுபவர்கள் பௌத்தர்கள் என்று பிரித்துப் பார்க்கலாம் என்றால் முடியாது. ஒரே குடும்பம் இரண்டையும் செய்துவிட்டுப் போகிறது. திபெத்தியர்கள் இந்த இடத்தைத் தக்மோ லுஜின் என்கிறார்கள்.

குன்றின் மேல் பொன்னிறக் கூரைகளோடு பரந்து நிற்பது திராங்கு தாஷி யாங்சே மடாலயம். 2023இல் மறைந்த திராங்கு ரின்போச்சே நிறுவியது. திபெத்திய பௌத்தத்தின் ஒரு மரபுக்குத் தலைவரான 17ஆவது கர்மபாவின் ஆசான்களில் ஒருவர் அவர். பெரிய பூசைக்கூடம் 2008இல் திறக்கப்பட்டது. பூசை நேரத்தில் போனால், ஆளுயரத்தைத் தாண்டிய ஊதுகொம்புகளின் முழக்கம் காதுக்கு வருமுன் நெஞ்சுக்கூட்டில் அதிர்கிறது. பிள்ளைத் துறவிகள் ஓரக்கண்ணால் நம்மைப் பார்த்துக்கொண்டே மந்திரம் சொல்கிறார்கள். படம் எடுக்குமுன் கேட்டுக்கொள்வது நல்லது. 2007 தொடக்கத்தில் புத்தகயையில் கூடிய கூட்டத்தில், தம் மரபைச் சேர்ந்த மடங்களின் சமையலறையில் இறைச்சி கூடாது என்று கர்மபா சொன்னார். குளிருக்கு இறைச்சி தின்றே பழகிய திபெத்திய மரபில் அது சின்ன மாற்றமல்ல. உடலையே இரையாகக் கொடுத்தவனின் மலையில் பருப்பும் சோறும் கீரையும் சாப்பிடுவது பொருத்தம்தான்.

சரி, புலி? காவ்ரே பக்கம் இப்போது சிறுத்தைதான். நேபாளத்தின் புலிகள் தெற்கே தராய் சமவெளிக் காடுகளில் இருக்கின்றன. 2009இல் 121 ஆக இருந்தவை 2022 கணக்கெடுப்பில் 355 ஆயின. உலகமே பாராட்டியது. ஆனால் பர்தியாவிலும் சித்வனிலும் புல்லறுக்கவும் விறகு பொறுக்கவும் காட்டோரம் போன ஏழைகள்தான் அந்தப் பாராட்டுக்கு விலை கொடுத்தார்கள். அவர்கள் யாரும் மகாசத்துவனைப் போல விரும்பிப் போய்ப் படுக்கவில்லை. தியாகம் என்ற சொல்லை அவர்கள் தலையில் கட்டுவது அநியாயம். புலி மலையேறாது என்றும் சொல்ல முடியாது: 2020இல் கிழக்கு நேபாளத்தின் இலாம் மாவட்டத்தில் 3,165 மீட்டர் உயரத்தில் ஒரு புலி தானியங்கிக் கேமராவில் சிக்கியது. கதை எழுதியவர் மலையில் புலியை வைத்தது வெறும் கற்பனை இல்லை போலிருக்கிறது.

இறங்குவதற்குப் பனௌதிப் பாதையே சிறந்தது. படிவயல்களின் நடுவே இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆகும். பருவத்தைப் பொறுத்துக் கடுகோ உருளைக்கிழங்கோ நிற்கும். வழியில் நாய்கள் குரைக்கும், கடிக்காது. ரோஷியும் புண்யமாதாவும் கூடும் இடத்தில் 1294ஆம் ஆண்டைச் சேர்ந்த இந்திரேஸ்வரர் கோயில் இருக்கிறது. முட்டு மரங்களில் செதுக்கிய உருவங்களை அண்ணாந்து பார்க்கக் கழுத்து வலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். காத்மாண்டுவுக்குப் பஸ் இங்கிருந்தே உண்டு. சாயங்காலம் அலுவலகம் விடும் நேரத்தில் பக்தபூர்ச் சாலையில் மாட்டிக்கொள்ளாமல் மூன்று மணிக்குள் ஏறிவிட வேண்டும்.