பழைய அம்பாசிடர், பத்மினி வச்சிருக்கீங்களா? கார்புரேட்டர் பிரிக்கும்போது இதைக் கவனிங்க!

மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் அம்பாசிடர், பிரீமியர் பத்மினி கார்களை இன்னமும் ஆசையா வச்சிருக்கறவங்க உண்டு. அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதமே நின்னுபோச்சு. இந்த வண்டிகளில் அடிக்கடி வரும் புகார் என்ன? ஸ்டார்ட் பண்ணா உடனே ஆஃப் ஆகுது, பெட்ரோல் வாடை வருது, ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தாலும் வேகம் குறையல. மூணுக்கும் முதலில் பார்க்க வேண்டிய இடம் கார்புரேட்டர்.

கார்புரேட்டர் என்ன செய்யுது?

கொசு மருந்து அடிக்கிற பழைய கைப்பம்பு மாதிரிதான். குறுகலான குழாய் வழியா காற்று வேகமா போகும்போது, பக்கத்தில் இருக்கும் பெட்ரோலை உறிஞ்சி எடுக்கும். பெட்ரோல் முழுசா எரிய ஒரு பங்குக்கு சுமார் 14.7 பங்கு காற்று (எடைக் கணக்கில்) தேவை. பெட்ரோலை அளந்து விடுவது 'ஜெட்' எனும் சின்ன பித்தளைத் துளை. கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைப் பார்த்துக்கொள்வது மிதவையும் நீடில் வால்வும்.

சுத்தம் பண்ணும்போது நடக்கும் தப்பு

அடைச்ச ஜெட்டை கம்பி விட்டுக் குத்துவது பலரும் செய்யும் தப்பு. துளை கொஞ்சம் பெருசானாலும் பெட்ரோல் கூடுதலா போகும். மைலேஜ் குறையும், கரும்புகை வரும், புகை பரிசோதனையில் கார்பன் மோனாக்சைடு அளவு எகிறும். கிளீனரில் ஊறவச்சு, காற்றடிச்சு எடுப்பதுதான் சரி. பிரிச்சா கேஸ்கட், நீடில் வால்வு இரண்டையும் புதுசா போட்டுடணும்.

த்ராட்டில் பாகம் ஏன் முக்கியம்?

நீங்க ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது திறப்பது 'பட்டர்ஃபிளை' எனும் வட்டத் தகடு. பார்க்க சாதாரண தகடு மாதிரி இருந்தாலும், குழாய்ச் சுவரில் சாய்வா பொருந்தி மூடுவதற்காக அதன் விளிம்பு சரிவா சீவப்பட்டிருக்கும். வேற கார்புரேட்டர் தகடைப் போட்டாலோ, தலைகீழா மாட்டினாலோ முழுசா மூடாது. சில சமயம் சுவரில் சிக்கி, திறந்தபடியே நின்னுடும். நெரிசலான மாசி வீதியில் வண்டி தானா வேகமெடுத்தா என்ன ஆகும்னு யோசிங்க.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை:

* தகடைத் தாங்கும் ஸ்பிண்டில் தண்டு ஆடுதா? ஆடினா அந்த இடைவெளியில் காற்று புகுந்து ஐடிலிங் நிக்காது. எவ்வளவு ட்யூன் பண்ணாலும் பலன் இருக்காது. லேத் பட்டறையில் புது புஷ் போடலாம்.
* தகடின் ஸ்க்ரூ கழலாதபடி முனை நசுக்கப்பட்டிருக்கா? கழன்றால் நேரா எஞ்சினுக்குள்ள போயிடும்.
* ரிட்டர்ன் ஸ்பிரிங் ஒரிஜினல் அளவுதானா? காலை எடுத்ததும் 'டக்'னு மூடணும். எஞ்சினை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே கையால் நாலஞ்சு தடவை திறந்து மூடிப் பாருங்க.

இப்போ புதுச் சிக்கல்: E20 பெட்ரோல்

இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் ஹோஸ், டயஃப்ரம் ஊறி விரிசல் விடலாம். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய ஜெட் அளவிலேயே ஓட்டினால் கலவை மெலிஞ்சு எஞ்சின் சூடாகலாம். எத்தனால் தாங்கும் ஹோஸ் போட்டு, ஜெட் அளவை மெக்கானிக்கிடம் சரிபார்க்கணும். மாசக்கணக்கில் வண்டியை நிறுத்தினா கிண்ணத்துப் பெட்ரோலை வடிச்சிடுங்க.

எரிபொருள் மாறினா வண்டியையும் அதுக்கேத்த மாதிரி மாத்துவது மதுரைக்குப் புதுசில்லை. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, மதுரையில் தொழில் தொடங்கிய டி.வி.எஸ். நிறுவனம் கரியில் இயங்கும் கேஸ் பிளான்ட் தயாரிச்சு வண்டிகளை ஓட வச்சது.

50 வயசைத் தாண்டிய காரா?

2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 ஆண்டுகளைத் தாண்டிய கார், பைக்கை விண்டேஜ் வாகனமா பதிவு செய்யலாம். சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது என்பது நிபந்தனை. அதனால, கழட்டிய ஒரிஜினல் பாகத்தைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுடாதீங்க. பத்திரமா எடுத்து வைங்க.