போரிடாத அட்மிரல்

1914 ஆகஸ்ட் 7 அதிகாலை. கிரேக்கத்தின் மேற்கே, நான்கு கவசக் கப்பல்களுடன் ஜெர்மனியின் 'கோபென்' போர்க்கப்பலை மறிக்க விரைந்துகொண்டிருந்தார் பிரிட்டிஷ் ரியர் அட்மிரல் எர்னஸ்ட் ட்ரூபிரிட்ஜ். கோபெனின் 10 பெரிய பீரங்கிகளும் 11 அங்குலம். இவரிடமிருந்த பெரியது 9.2 அங்குலம்தான். தன்னைவிட வலுவான எதிரியோடு மோத வேண்டாம் என்பது லண்டன் உத்தரவு. அவருடைய கப்பலின் கேப்டன் ஃபாசெட் ரே பீரங்கி நிபுணர். மோதினால் அழிவுதான் என்று வாதாடினார். அட்மிரல் திரும்பிவிட்டார்.

தப்பிய கோபென் துருக்கி போய்ச் சேர்ந்தது. அக்டோபர் கடைசியில் துருக்கிக் கொடியுடன் ரஷ்யத் துறைமுகங்களைத் தாக்க, துருக்கியும் போரில் இறங்கியது. பழி ட்ரூபிரிட்ஜ் தலையில்.

நவம்பரில் கடற்படை நீதிமன்றம் அவரை விடுவித்தது. உத்தரவை மதித்தவரை எப்படித் தண்டிப்பது? ஆனால் கடலில் பதவி மட்டும் மறுபடி கிடைக்கவேயில்லை. செர்பியாவில் டான்யூப் நதிக் காவலுக்கு அனுப்பினார்கள்.

அவருக்கு நேர்ந்த கதி தனக்கு வரக்கூடாது என்று கடிதம் எழுதியவர் இன்னொரு அட்மிரல், கிறிஸ்டோபர் கிராடக். நவம்பர் 1 அன்று, சிலி நாட்டுக் கொரொனெல் அருகே அவர் பின்வாங்கவில்லை. எதிரே நின்றது, சென்னையைச் சுட்ட 'எம்டன்' பிரிந்து வந்த அதே ஜெர்மன் படையணி. கிராடக்கின் இரு கப்பல்கள் மூழ்கின. அவற்றிலிருந்த சுமார் 1,600 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. ட்ரூபிரிட்ஜின் விசாரணை தொடங்க அப்போது நான்கு நாள் பாக்கி.