பதினாறு வயதுக்காரன் பெரியவனா, சின்னவனா?

பதின்ம வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இரண்டு வசனங்கள் தினமும் ஓடும். காலையில் எட்டு மணி வரை போர்வையை இழுத்துக்கொண்டு படுத்திருந்தால், "இன்னும் என்ன சின்னப் பிள்ளையா நீ? ஏழு கழுதை வயசாச்சு." அதே பையன் சாயங்காலம், ப்ளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுப்பது என்று வாயைத் திறந்தால், "சும்மா இரு, உனக்கு என்ன தெரியும்? சின்னப் பையன்." ஒரே நாள், ஒரே வீடு, ஒரே பிள்ளை.

இந்த முரண்பாடு நம் வீட்டுக் கூடத்தோடு நிற்பதில்லை. உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன், உளவியல் என் படிப்பு கிடையாது. ஆனால் வீட்டில் பதினைந்து வயதில் ஒரு ஆள் இருப்பதால், இந்த விஷயத்தை ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து படித்தேன். புரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரே சங்கம், இரண்டு பேச்சு

முதலில் அமெரிக்கா. 1990-ல் அங்கே 'ஹாட்ஜ்சன் எதிர் மினசோட்டா' என்று ஒரு வழக்கு. 18 வயது நிரம்பாத பெண் கருக்கலைப்பு செய்துகொள்வதற்கு முன்னால் பெற்றோர் இருவருக்கும் தகவல் சொல்லியாக வேண்டும் என்ற மாநிலச் சட்டம் செல்லுமா என்பது கேள்வி. அமெரிக்க உளவியல் சங்கம் நீதிமன்றத்தில் தன் கருத்தைத் தாக்கல் செய்தது. பதினான்கு, பதினைந்து வயதிலேயே பிள்ளைகளால் பெரியவர்களைப் போலத் தகவல்களை எடைபோட்டு முடிவெடுக்க முடியும் என்பது அதன் சாரம்.

பதினைந்து வருஷம் கழித்து, 2005-ல், 'ரோப்பர் எதிர் சிம்மன்ஸ்' வழக்கு. 17 வயதில் கொலை செய்த ஒருவருக்கு மரண தண்டனை விதிக்கலாமா? இப்போதும் அதே சங்கம் வந்தது. இந்த வயதில் முதிர்ச்சி முழுமையாக வராது, கூடாது என்றது. நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில், 18 வயதுக்குள் செய்த குற்றத்துக்கு மரண தண்டனை கூடாது என்று தீர்ப்பு சொன்னது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி ஸ்காலியா சங்கத்தை விடவில்லை. அன்றைக்குப் பெரியவர்கள் என்றீர்கள், இன்றைக்குச் சின்னவர்கள் என்கிறீர்களே என்று பழைய மனுவை எடுத்துப் போட்டுக் கேட்டார்.

நியாயமான கேள்விதான். நம்ம வீட்டு இரண்டு வசனத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஆற அமர, சூட்டோடு சூடாக

லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற உளவியலாளரும் அவர் சகாக்களும் 2009-ல் இதற்கு ஆய்வாகவே ஒரு பதிலைக் கொடுத்தார்கள். 10 முதல் 30 வயது வரை 935 பேரைச் சோதித்தார்கள். நினைவில் வைத்துக் கணக்குப் போடுவது, சொற்களைச் சட்டென்று எடுப்பது மாதிரியான அறிவுத் திறன்கள் ஒரு பக்கம். உந்துதலை அடக்குவது, கூட்டாளிகளின் இழுப்புக்குப் போகாமல் நிற்பது, நாளைக்கு என்ன ஆகும் என்று பார்ப்பது மாதிரியான பக்குவம் இன்னொரு பக்கம். அறிவுத் திறன் கிட்டத்தட்ட 16 வயதிலேயே பெரியவர்களின் அளவை எட்டிவிடுகிறது. பக்குவமோ இருபதுகளிலும் வளர்ந்துகொண்டே போகிறது.

இந்த இரண்டுக்கும் தமிழில் வார்த்தை தயாராகவே இருக்கிறது. ஆற அமர யோசிப்பது ஒன்று, சூட்டோடு சூடாக முடிவெடுப்பது இன்னொன்று. கருக்கலைப்பு போன்ற முடிவை நாள் எடுத்து, மருத்துவரிடம் பேசி எடுக்கலாம். அங்கே வேலை செய்வது ஆற அமர யோசிக்கும் திறன், அது 16-ல் வந்துவிடுகிறது. தெருவில் நாலு பேர் கூட நிற்கும்போது நொடியில் எடுக்கும் முடிவு வேற. ஆக, சங்கம் இரண்டு முறை சொன்னதும் சரியாக இருக்க முடியும். கேட்கப்பட்ட கேள்விகள் இரண்டு.

கூட்டாளிகள் விஷயத்தில் 2005-ல் மார்கோ கார்ட்னரும் ஸ்டைன்பெர்க்கும் செய்த சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. திரையில் ஒரு கார் விளையாட்டு. மஞ்சள் விளக்கு எரிந்ததும் நிறுத்தலாம், இல்லை இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டிக் கூடுதல் புள்ளி எடுக்கலாம். ரொம்ப ஆசைப்பட்டால் சுவரில் மோதி எல்லாம் போய்விடும். 13–16 வயது, 18–22 வயது, 24-க்கு மேல் என்று மூன்று குழு. தனியாக விளையாடியபோது மூன்று குழுவும் எடுத்த ஆபத்து ஏறக்குறைய ஒரே அளவு. பக்கத்தில் நண்பர்களை உட்கார வைத்ததும் பதின்ம வயதினர் எடுத்த ஆபத்து இரட்டிப்பானது. நடுக் குழுவுக்குப் பாதி கூடியது. பெரியவர்களிடம் மாற்றமே இல்லை.

ஆபத்து என்னவென்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இல்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. தனியாக இருக்கும்போது அதே மூளை ஒழுங்காகத்தான் கணக்குப் போட்டது. 'இளங்கன்று பயமறியாது' என்பார்கள். இந்தக் கன்றுக்குப் பயம் தெரியும். மந்தையோடு ஓடும்போதுதான் அது மறந்துபோகிறது.

25 என்ற மாய எண்

மூளைக்குள் என்ன நடக்கிறது? 1999-ல் ஜே கீட் என்பவரின் குழு, ஒரே பிள்ளைகளைச் சில ஆண்டு இடைவெளியில் திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. ஸ்கேன் செய்து ஒரு முடிவை வெளியிட்டது. மூளையின் முன்பகுதியில் சாம்பல் நிறப் பொருள் குழந்தைப் பருவம் முழுக்கக் கூடி, பெண்களுக்கு 11 வயது, ஆண்களுக்கு 12 வயது வாக்கில் உச்சத்தைத் தொட்டு, பிறகு குறைகிறது. குறைவது கெடுதல் இல்லை. பயன்படாத இணைப்புகள் கழிவதும், பயன்படும் இணைப்புகள் மேலுறை பெற்று வேகமாவதும் வளர்ச்சியின் பகுதி. தேவையில்லாத நிரலை நீக்கிவிட்டு, அடிக்கடி ஓடும் பகுதியை வேகப்படுத்துவதற்கு எங்கள் தொழிலில் தனியாகச் சம்பளமே கொடுப்பார்கள்.

இதிலிருந்துதான் 'மூளை 25 வயதில்தான் முழுசா வளரும்' என்ற வாட்ஸப் வாசகம் பிறந்தது. 25-வது பிறந்தநாளில் யாரும் ஸ்விட்ச் போடுவதில்லை. மாற்றம் மெதுவான சரிவு மாதிரி இருபதுகளிலும் தொடர்கிறது. அதுவும் சராசரிக் கணக்கு. தனி ஒரு பையனின் ஸ்கேனைப் பார்த்து அவன் பக்குவமானவனா என்று யாராலும் சொல்ல முடியாது.

புயல் என்ற பெயர்

பதின்ம வயது என்றாலே கொந்தளிப்பு என்று நாம் எடுத்துக்கொள்வதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1904-ல் ஸ்டான்லி ஹால் இந்தப் பருவத்தைப் பற்றி இரண்டு தொகுதிகள் எழுதினார். மேலே சொன்ன அதே அமெரிக்க உளவியல் சங்கத்தின் முதல் தலைவர் அவர்தான். 'புயலும் அழுத்தமும்' என்ற அடையாளத்தை இந்த வயதின் மேல் ஒட்டியவரும் அவரே. ஆனால் 1960-களில் டேனியல் ஆஃபர் என்ற மனநல மருத்துவர் சிகாகோ பகுதியில், சிகிச்சைக்கு வராத சாதாரணப் பையன்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். பெரும்பாலானவர்கள் பெரிய கொந்தளிப்பு எதுவும் இல்லாமல் வளர்ந்து போனார்கள். மருத்துவரிடம் வருகிற பிள்ளைகளை மட்டும் பார்த்தால் எல்லாப் பிள்ளையும் நோயாளியாகத்தான் தெரியும். செய்தியில் வருகிற பிள்ளைகளை மட்டும் பார்ப்பவர்களுக்கும் இதே கதிதான்.

நம்ம மொழியிலேயே ஒரு தடயம் இருக்கிறது. சங்க இலக்கியத்தில் 'விடலை' என்றால் இளம் வீரன், பாலை நிலத் தலைவன். இன்றைக்கு 'விடலைப் பசங்க' என்றால் தெருமுனையில் நிற்கும் உருப்படாத கூட்டம். வயது அதேதான். பார்க்கிற கண் மாறிவிட்டது.

காலையில் எழாத பையனையும் இதில் சேர்க்கலாம். பூப்பெய்தும் பருவத்தில் உடலின் தூக்கக் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது. மெலடோனின் இரவில் தாமதமாகச் சுரக்கிறது. மேரி கார்ஸ்கடன் இதைப் பல்லாண்டு ஆய்ந்தவர். இந்த அடிப்படையில்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-ல், நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன்னால் தொடங்க வேண்டாம் என்றது. நாம் ப்ளஸ் டூ பிள்ளைக்கு ஏழு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ் வைத்துவிட்டு, கொட்டாவி விட்டால் சோம்பேறி என்கிறோம். ஃபோன் தூக்கத்தை இன்னும் கெடுக்கும்தான். ஆனால் ஃபோன் வருவதற்கு முன்பே இந்தக் கடிகாரம் இப்படித்தான் ஓடியது.

நம்ம சட்டம் கேட்கும் கேள்வி

இனி இந்தியா. 1986 சட்டத்தில் ஆண் பிள்ளைக்கு 16, பெண் பிள்ளைக்கு 18 வரைதான் சிறார். 2000-ல் இருவருக்கும் 18 ஆனது. 2012 டிசம்பர் டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமை வழக்கில் ஆறு பேரில் ஒருவருக்கு 18 ஆகவில்லை. அவருக்குக் கிடைத்தது மூன்று வருடம் சிறப்பு இல்லம், சட்டத்தில் இருந்த உச்சபட்சமே அதுதான். நாடு கொதித்தது. வயதைக் குறைக்க வேண்டாம் என்று நீதிபதி வர்மா குழு 2013 ஜனவரியில் சொல்லியும், புதிய சிறார் நீதிச் சட்டம் 2015 டிசம்பரில் நிறைவேறியது. 16 முதல் 18 வயதுக்குள், குறைந்தபட்சத் தண்டனை ஏழு ஆண்டோ அதற்கு மேலோ உள்ள கொடுங்குற்றம் செய்ததாகச் சொல்லப்பட்டால், பெரியவர்களைப் போல விசாரிக்க அனுப்பலாம்.

அதற்கு முன் சிறார் நீதி வாரியம் ஒரு முதற்கட்ட மதிப்பீடு செய்ய வேண்டும். குற்றத்தைச் செய்யும் மன, உடல் திறன் இருந்ததா? விளைவைப் புரிந்துகொள்ளும் திறன் இருந்ததா? எந்தச் சூழ்நிலையில் நடந்தது? இந்த மதிப்பீட்டுக்கு வழிகாட்டு நெறிகள் தேவை என்று 2022-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது.

என் தொழில் புத்தி இங்கேதான் உறுத்துகிறது. ஒரு மென்பொருளை ஒரே ஆள் பயன்படுத்திப் பார்த்து 'ஓகே' சொல்லலாம். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வந்து விழும்போது அது தாங்குமா என்பதை அந்தச் சோதனை சொல்லாது. சம்பவம் நடந்து வாரங்கள் கழித்து, அமைதியான அறையில், ஒரு பையனிடம் "இப்படிச் செய்தால் என்ன ஆகும் தெரியுமா?" என்று கேட்டால், தெரியும் என்றுதான் சொல்வான். 16 வயதில் எல்லாருக்கும் தெரியும். அந்தக் கேள்வி ஆற அமர யோசிக்கும் மூளையை அளக்கிறது. குற்றம் நடந்த நேரத்தில் ஓடிய மூளையைத் தொடக்கூடிய ஒரே இடம், மூன்றாவதாக வரும் 'சூழ்நிலை'. மதிப்பீட்டில் அதிக எடை அதற்குத்தான் இருக்க வேண்டும் என்பது என் வாதம்.

பாதிக்கப்பட்ட குடும்பம் "தெரிஞ்சுதானே செஞ்சான்?" என்று கேட்கும். அந்தக் கேள்வியை நான் லேசாக எடுக்கவில்லை. திட்டம் போட்டு, நாள் பார்த்துச் செய்த குற்றத்தில் கூட்டாளி, சூடு என்ற வாதம் பலவீனமாகிவிடும். மூளை ஆய்வு யாருக்கும் விடுதலைப் பத்திரம் இல்லை. ஆனால் டெர்ரி மோஃபிட் 1993-ல் காட்டியபடி, இந்த வயதில் சட்டத்தை மீறுகிறவர்களில் பெரும்பாலோர் வளர்ந்ததும் விட்டுவிடுகிறார்கள், சிறு கூட்டம்தான் தொடர்கிறது. விட்டுவிடப் போகிறவனைத் தொடரப் போகிறவர்களோடு அடைத்து வைத்தால், அவன் அங்கே எதைக் கற்றுக்கொள்வான் என்பதும் அடுத்த குடும்பத்தின் பாதுகாப்புக் கேள்விதான்.

இந்த அறிவோடு ஒத்துப்போகும் சட்டத்துக்கு உதாரணமும் இருக்கிறது. நியூசிலாந்து 1987-ல் படிப்படியான ஓட்டுநர் உரிமத்தைக் கொண்டுவந்தது. புது ஓட்டுநர் தனியாக ஓட்டலாம். ஆனால் இரவு நேரத்தில் தனியாகக் கூடாது, அனுபவசாலி பக்கத்தில் இல்லாமல் நண்பர்களை ஏற்றக் கூடாது. பின்னால் பல நாடுகள் இதை எடுத்துக்கொண்டன. பையனுக்கு ஓட்டத் தெரியும் என்பதை இந்தச் சட்டம் ஒப்புக்கொள்கிறது. சூடு ஏறும் இடத்தை மட்டும் அடைக்கிறது.

வீட்டிலும் இதே கணக்கைப் போடலாம். எந்த குரூப், எந்தக் கல்லூரி, வீட்டுச் செலவில் எதைக் குறைப்பது மாதிரி நாள் எடுத்துப் பேசும் விஷயங்களில் 16 வயதுக்காரருக்கு முழு ஓட்டுக் கொடுக்கலாம்; 'தோளுக்கு மிஞ்சினால் தோழன்' அங்கே பொருந்தும். ராத்திரி பத்து மணிக்கு மூன்று நண்பர்களோடு வண்டிச் சாவி கேட்டால் கொடுக்க வேண்டாம். அப்போது "உனக்கு ஒன்னும் தெரியாது" என்று சொல்லாமல் கொடுக்காமல் இருங்கள். அவனுக்குத் தெரியும் என்பது உங்களுக்கும் தெரியும்.